காற்று தள்ளிய ரயில்

காற்று நீக்கிய குழாய்க்குள் வண்டி ஓட்டும் ஹைப்பர்லூப் திட்டம் பற்றிய செய்தியைப் படித்த வாசகர் ஒருவர், "குழாயில் காற்றை உறிஞ்சி ரயில் ஓட்டுவதை இதற்கு முன் யாரும் செய்து பார்க்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சவுத் டெவன் ரயில்வே கம்பெனி 1847 செப்டம்பரில் எக்ஸெட்டரிலிருந்து டின்மத் வரை பயணிகளையே ஏற்றிச் சென்றது. பொறியாளர், இசம்பார்ட் கிங்டம் புரூனல்.

வண்டியில் எஞ்சின் கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே 15 அங்குல விட்டத்தில் இரும்புக் குழாய், அதற்குள் பிஸ்டன். சுமார் 3 மைலுக்கு ஒரு பம்பு நிலையம், பிஸ்டனுக்கு முன்னாலிருக்கும் காற்றைக் குழாயிலிருந்து வெளியே இழுக்கும். பாதிக் காற்றை எடுத்தாலே, பின்னாலிருக்கும் வளிமண்டலம் பிஸ்டனை அரை டன்னுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும்.

சரி, பிஸ்டன் உள்ளே, வண்டி வெளியே. எப்படி இணைப்பது? குழாயின் உச்சியில் நெடுக ஒரு பிளவு. அதை மூட, ஒரு விளிம்பில் மட்டும் பிணைத்த தோல் பட்டை. பிஸ்டனிலிருந்து ஓர் இரும்புக் கை பிளவு வழியே மேலே வந்து வண்டியைப் பிடித்திருக்கும். பிஸ்டனுக்குச் சற்றுப் பின்னால் உள்ள சிறு சக்கரங்கள் தோலைத் தூக்கிக் கைக்கு வழிவிடும். கை கடந்ததும் ஓர் உருளை தோலை அழுத்தி மூடும். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! தோல் திறப்பது பிஸ்டனுக்குப் பின்னால். அங்கே காற்று நுழைந்தால் நட்டமில்லை, நுழையத்தான் வேண்டும்.

சிக்கல் முன்பக்கத்தில். 5 கிலோமீட்டர் நீளப் பிளவில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும் மொத்தம் அரைச் சதுர மீட்டர் ஓட்டை. குழாயின் வாயே அதில் நான்கில் ஒரு பங்குதான்! மெழுகும் கொழுப்பும் பூசி அடைத்தார்கள். ஆனால் தோல் குளிரில் விறைத்தது, காய்ந்து கிழிந்தது. கொழுப்பை எலிகள் தின்றதால்தான் திட்டம் தோற்றது என்ற கதை பிரபலம். தோல் பட்ட பாட்டைப் பார்த்தால் எலியைத் தேட வேண்டியதே இல்லை.

1848 செப்டம்பரில் எல்லாம் நின்றது. 4 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. சில மைல் குழாயை ஒரு முழு ஆண்டு வெயிலிலும் பனியிலும் போட்டுப் பார்க்க அதில் சிறு பங்கு போதுமே! பெரிய திட்டங்களுக்குக் கோடிகளை அள்ளித் தருபவர்கள் இத்தகைய பொறுமையான சோதனைகளுக்குக் கிள்ளித் தருவது இன்றும் என்னைக் கோபப்படுத்துகிறது.

கம்பெனி சாதாரண நீராவி எஞ்சின்களோடு தொடர்ந்து, 1876-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயுடன் இணைந்தது. காற்று இழுத்துவிடும் என்று நம்பி, டின்மத்தை அடுத்த நியூட்டன் ஆபட் ஊருக்கு அப்பால் வகுத்த செங்குத்தான ஏற்றங்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. கனத்த வண்டிகளுக்கு அங்கே இரண்டாவது எஞ்சின் பூட்ட வேண்டியிருந்தது.