கூரை நின்றுபோகும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் ஒரு குடியிருப்புப் பேட்டையில் நடைபாதைகளை அளந்துகொண்டிருந்தபோது, சந்தைப் பையுடன் வந்த ஒரு மூதாட்டி என் அருகில் நின்று மேலே கையைக் காட்டினார். "தம்பி, காசு தீந்துபோச்சா? இதோட நிறுத்திட்டாங்களே!" என்றார். அடுக்குமாடி புளோக்கின் பக்கமிருந்து வந்த பழைய, தாழ்வான கூரை ஓரிடத்தில் முடிந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தின் பக்கமிருந்து வந்த புதிய, உயரமான கூரை அதைத் தொடாமல் நின்றுவிட்டது. நடுவில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வெட்டவெளி, அதன் கீழே கம்பிச்சட்டம் போட்டு மூடிய சாக்கடை. இரு கூரைகளிலிருந்தும் நீர் சொட்டிச் சொட்டித் தரையில் பச்சைப் பாசி படிந்திருந்தது.

காசு தீரவில்லை. அந்த இடத்தில் நிலம் ஓர் அமைப்பின் பொறுப்பிலிருந்து வேறோர் அமைப்பின் பொறுப்புக்கு மாறுகிறது, அவ்வளவுதான். போக்குவரத்துத் திட்டமிடலில் ஆலோசனைப் பொறியாளராக இருக்கும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இத்தகைய எல்லைகளைப் பற்றியவையே. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளைச் சுற்றியுள்ள பொது இடங்களை நகர மன்றம் பராமரிக்கிறது. சாலையும் அதையொட்டிய நடைபாதையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. சாலையோர மரங்கள் தேசியப் பூங்காக் கழகத்தையும், பொதுச் சாக்கடைகள் பொதுப் பயனீட்டுக் கழகத்தையும் சேர்ந்தவை. 2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் அருகே கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியைச் சொல்லித்தான் இதை விளக்கினார். சரிவு ஓர் அமைப்பிடம், நடுவிலுள்ள பூங்கா இணைப்புப் பாதை வேறோர் அமைப்பிடம், சாலையோர நடைபாதை மூன்றாவது அமைப்பிடம் இருந்தால் குச்சியை யார் பொறுக்குவது? இப்படிப்பட்ட புகார்களை உரிய இடத்துக்கு அனுப்புவதற்கென நகராண்மைச் சேவை அலுவலகம் அதே ஆண்டு அமைக்கப்பட்டது.

குச்சியைப் பொறுக்க ஒருவர் போதும். கூரைக்கோ நிதி தேவை, நிதிக்கும் எல்லை உண்டு. மாதந்தோறும் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் பேட்டைக்குள் நடக்கும் பராமரிப்புக்கானது. பேட்டையின் மேம்பாட்டுக்கு வேறு திட்டங்கள் உள்ளன. 2007இல் அறிவிக்கப்பட்ட அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தின் செலவை அரசாங்கமே முழுமையாக ஏற்கிறது, பணியை நகர மன்றம் செய்கிறது. ஆனால் தகுதியுள்ள வீட்டு உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினர் இசைந்தால்தான் பணி தொடங்கும். இதற்காகப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் வரைபடக் காட்சிக்கும் கலந்துரையாடலுக்கும் நம்மவர்கள் குறைவாகவே வருகிறார்கள் என்பது என் அனுபவம். வந்தாலும் வரைபடத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பேட்டைக்கு வெளியே, எம்ஆர்டி நிலையங்களிலிருந்து 400 மீட்டருக்குள் கூரையுள்ள நடைபாதைகளை நீட்டிக்கும் திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் தொடங்கி, 2018க்குள் ஏறத்தாழ 200 கிலோமீட்டரைச் சேர்த்தது. 401ஆவது மீட்டரில் குடியிருப்பவருக்கு அந்த எண் கொடுமையாகத் தோன்றும். ஆனால் எங்காவது கோடு கிழிக்காமல் எந்தத் திட்டத்துக்கும் நிதி ஒதுக்க முடியாது.

பெரிய தொகைகளின் கணக்கு வேறு. "ரயில் சுரங்கம் தோண்டத்தான் டிக்கெட் விலையை ஏற்றுகிறார்கள்" என்று காப்பிக்கடையில் அடிக்கடி கேட்கிறேன், அது தவறு. அடிப்படை உள்கட்டமைப்பை அரசாங்கம் கட்டித் தரும், ஓட்டும் செலவைக் கட்டணம் ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை 1996ஆம் ஆண்டின் நிலப் போக்குவரத்து வெள்ளை அறிக்கை வகுத்தது. இன்று அந்த இரண்டாம் பாதி அப்படியே நிற்கவில்லை. பேருந்து, ரயில் சேவைகளை ஓட்டுவதற்கு மட்டுமே அரசாங்கம் ஆண்டுக்கு 2 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் மானியம் தருகிறது. கட்டணத்தை முடிவுசெய்யும் பொதுப் போக்குவரத்து மன்றத்தின் 2024 மறுஆய்வில், கட்டணச் சூத்திரப்படி 18.9 விழுக்காடு உயர்த்த இடமிருந்தும் 6 விழுக்காடு மட்டுமே உயர்த்தப்பட்டது. எஞ்சியது தள்ளிவைக்கப்பட்டது, இடைவெளியை வரிப்பணம் தாங்கியது. சுரங்கத்துக்கான பணம் இன்னும் நீண்ட காலத்தில் திரட்டப்படுகிறது. குறைந்தது 50 ஆண்டுகள் பயன்தரும் பெரும் கட்டமைப்புகளுக்காக 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்க அரசாங்கத்துக்கு 2021இல் ஒரு சட்டம் இடமளித்தது. மறு ஆண்டு ஆகஸ்ட்டில் 2.4 பில்லியன் வெள்ளிக்கு வெளியிடப்பட்ட முதல் பசுமைக் கடன்பத்திரத்தின் (சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கான கடன்பத்திரம்) தவணைக்காலம் 50 ஆண்டு. ஜூரோங் வட்டார ரயில் பாதையும் குறுக்குத் தீவு ரயில் பாதையும் அத்தகைய கடனால் கட்டப்படுபவை. அதை அடைப்பவர்களில் இன்று தொட்டிலில் இருப்பவர்களும் அடங்குவர் என்பதால், எந்த நிலையம் எங்கே, எப்போது என்பது வெறும் பொறியியல் முடிவாக இருக்க முடியாது.

வடகிழக்கு ரயில் பாதை 2003இல் திறக்கப்பட்டபோது, கட்டி முடித்த புவாங்கோக் நிலையம் மூடியே கிடந்தது. சுற்றிலும் போதிய வீடுகள் எழும்பவில்லை, ஓட்டும் செலவு கட்டுபடியாகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2005இல் யாரோ அங்கே, வீண் செலவைக் குறிக்கும் வெள்ளை யானை அட்டைகளை நட்டு வைத்தார்கள். 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. அந்த யானைகளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் நிலையத்தை முன்கூட்டியே கட்டியது தவறு என்று இப்போதும் நான் கருதவில்லை. ரயில் ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தில் பின்னாளில் நிலையம் செருகுவது மிகக் கடினமான வேலை. டவுன்டவுன் ரயில் பாதையில் ஹியூம் நிலையத்தின் வெளிக்கூட்டை மட்டும் முதலில் கட்டி வைத்திருந்ததால்தான், 2025 பிப்ரவரியில் அதைத் திறக்க முடிந்தது.

பேருந்தில் நிலைமை நேர்மாறு. தடத்தை வைப்பதும் எளிது, எடுப்பதும் எளிது. 2016இல் குத்தகை முறை வந்தபின் பேருந்துகளும் கட்டண வருவாயும் அரசாங்கத்தின் பக்கம் உள்ளன. நிறுவனங்கள் ஏலத்தில் வென்று சேவையை நடத்துகின்றன. எனவே ஆளில்லாத தடம் நேரே மானியக் கணக்கில் விழுகிறது. 2023 இறுதியில், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதைக்கு இணையாக ஓடிய 167ஆம் எண் பேருந்தை நிறுத்தப்போவதாக அறிவித்த நிலப் போக்குவரத்து ஆணையம், பயணிகள் எழுதித் தள்ளியபின், 30 நிமிட இடைவெளியில் அதைத் தொடர்ந்து ஓடவிட்டது. முதியோருக்கு மாடிப்படியும் இடமாற்றமும் எவ்வளவு சுமை என்பதை எழுதியவர்கள் விளக்கினார்கள். பயணிகள் எண்ணிக்கையைக் கணிக்கும் மாதிரிக் கணக்கில் அது எளிதில் அகப்படாது.

எழுதுவதற்கும் காலம் உண்டு. நகர மறுசீரமைப்பு ஆணையம், நில ஒதுக்கீட்டை வகுக்கும் பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறது. 2025 வரைவுத் திட்டம் அந்த ஆண்டு ஜூனில் மெக்ஸ்வெல் சாலையிலுள்ள அதன் நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அரசிதழில் வெளியாகுமுன் சொல்லப்படும் கருத்தால் நில ஒதுக்கீட்டையே அசைக்க முடியும். மண்வாரி இயந்திரம் வந்தபின் வேலியின் நிறத்தைத்தான் மாற்றலாம். எழுதும்போது "எங்கள் வீட்டுப் பக்கம்" என்று எழுதாதீர்கள். புளோக் எண், நிறுத்தத்தின் ஐந்திலக்கக் குறியீடு, விளக்குக் கம்பத்தில் உள்ள எண், ஒரு நாளில் எந்த நேரத்தில் யார் அவதிப்படுகிறார்கள் என்பது, இவை இருந்தால் கடிதம் அதிகாரியின் மேசையிலிருந்து களத்துக்கு வரும்.

அந்த மூதாட்டி காட்டிய இடைவெளிக்குக் கூரை வர ஓராண்டுக்கு மேலாயிற்று. சாக்கடைமேல் தூண் ஊன்ற முடியாது என்பதால், உயரமான கூரையின் பக்கமிருந்து தூணில்லாமல் ஒரு தகடு நீட்டப்பட்டது. தாழ்ந்த கூரையின்மேல் அது ஒரு முழம் ஏறி நிற்கிறது. சாய்ந்தடிக்கும் மழையில் இன்னும் கொஞ்சம் நனைகிறது.