டெப்பில் ஏற்றியாச்சு என்றால் வேலை முடிந்ததா?

போன மாதம் ஒரு அம்மாவைத் தேயிலைத் தோட்டத்து லொறியில் எங்களிடம் கொண்டுவந்து இறக்கினார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு இல்லை. பிரஷர் 210/120. ஐந்து மாதமாக மருந்து எடுக்கவில்லை என்று மகள் அழுதுகொண்டே சொன்னார். எங்கள் கிளினிக்கில் பதிந்தவர்தான். நோயாளர் விவரங்களைப் பதியும் டெப்பை (டேப்லெட்) திறந்து தேடினால் அவருக்கு மூன்று பதிவுகள்! பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்று, புதிய இலக்கத்தில் ஒன்று, இலக்கமே இல்லாமல் பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) பையனின் போன் நம்பரோடு ஒன்று. அதே பெயருள்ள இன்னொருவர் வந்து மருந்து எடுத்ததையும் இவருடைய கணக்கில் போட்டிருந்தார்கள். அதனால் வராதவர்களின் பட்டியலில் இந்த அம்மாவின் பெயரே வரவில்லை.

இது முதல் தடவை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கிளினிக் முடிந்ததும் பதிவு செய்யும் நம் ஊழியர்கள் "எல்லாம் ஏத்தியாச்சு டொக்டர்" என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஏற்றுவது தொடக்கம் மட்டும்தான். தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எதற்கு இருக்கிறது? பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்த கையோடு இன்றைக்கு யார் வரவில்லை என்று கங்காணிக்குத் தெரிந்துவிடும். நோயாளர் பதிவேடும் அதற்குத்தான். வந்தவரைக் கண்ணால் பார்க்கிறோம், அவருக்குப் பதிவேடு பெரிதாகத் தேவையில்லை. வராதவரைக் காட்டத்தான் அது வேண்டும். பிரஷரும் சீனியும் வலிக்காத வியாதிகள். மருந்தை நிறுத்தியவர் நன்றாக இருப்பதாகவே நினைத்துக் கொழுந்து பறிக்கப் போவார். ஒரு நாள் கிளினிக் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பதும் அவருக்குப் பெரிய விஷயம். அவரைத் தேடிப் போக வேண்டியவர்கள் நாம். கொப்பியில் இருந்த பெயர்களை டெப்பில் அடித்து வைத்தால் அது பளபளப்பான கொப்பி, அவ்வளவுதான்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. செல்லம்மா, செல்லம்மாள், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு இன்னொரு செல்லம்மா. ஆங்கிலத்தில் ஒருவர் ஒற்றை எல் போடுவார், ஒருவர் இரட்டை எல் போடுவார். விலாசம் என்றால் தோட்டமும் அதன் பிரிவான டிவிஷனும் மட்டும். அடையாள அட்டை இலக்கமே மேல். ஆனால் 2016 முதல் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். பழைய ஒன்பது இலக்கத்தின் முன்னால் 19 போட்டு, அந்தப் பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டால் அதே ஆளின் புதிய இலக்கம் வந்துவிடும். இரண்டு விதமாகவும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் புதுப் பதிவு திறக்க வேண்டும். இதற்கு அரை நிமிடம் போதும், தயவுசெய்து செய்யுங்கள்.

இறந்தவர், கொழும்புக்குப் போய்விட்டவர், வராமல் நிற்பவர் மூவரையும் வேறு வேறாகக் குறியுங்கள். அடுத்த தேதி இல்லாமல் பதிவை மூடாதீர்கள். பள்ளத்து டிவிஷன்களில் சிக்னல் இல்லை, அங்கே பதிந்தது மேலே வந்து அனுப்பும் வரை அந்த டெப்பில் மட்டும்தான் இருக்கும். அதற்குள் செயலியை அழித்தால் அத்தனையும் போச்சு. அப்புறம், ஒரு நாள் முழுக்க எல்லோருக்கும் 120/80, 130/80 என்றே ஏறியிருந்தால் யாரோ அளக்காமல் எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

நோயாளியின் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன் சீனி தோட்டத்து ஒபீசுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தே கிளினிக் வராத அண்ணன்மார் எனக்குத் தெரிய இருக்கிறார்கள்.

கிளினிக் வரும் அம்மாமார், ஐயாமாரிடம் ஒரு வேண்டுகோள். "டெப்ல எல்லாம் இருக்கு தானே ஐயா" என்று உங்கள் கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். இரவில் நெஞ்சு வலித்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் எங்கள் டெப் அங்கே வராது, உங்கள் கொப்பிதான் வரும். இரண்டு போன் நம்பர் கொடுங்கள். ஒன்று லயத்திலேயே இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். கொழும்பில் வேலை செய்யும் மகனின் நம்பரை மட்டும் தந்தால், அவன் சிம்மை மாற்றிய அன்றே நீங்கள் எங்களுக்குத் தொலைந்து போகிறீர்கள். மருந்து எடுக்க வர முடியாத மாதம் அந்த நம்பரிலிருந்து ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள், வேறு நாள் போட்டுத் தருகிறோம். யாரும் ஏச மாட்டோம்.