சராசரியை வைத்து வரிசையை அளக்காதீர்கள்

திருகோணமலையில் இந்த மாதம் மூன்றாவது அலுவலகத்திலும் அதே கணக்கையே என்னிடம் காட்டினார்கள்: "ஒருவருக்கு 5 நிமிடம், மணிக்கு 12 பேரைப் பார்க்கலாம், வருவது 10 பேர்தான். பிறகேன் சனம் காத்து நிற்குது?" வெளியே சுவரோரம், வெயில் தாங்காமல் மரநிழலுக்குப் போனவர்களின் செருப்புகள் வரிசையில் இடம் பிடித்துக் கிடந்தன.

காத்திருப்பு வரிசைகளை வகைப்படுத்த 1953 இல் கணிதவியலாளர் டேவிட் கெண்டல் தந்த குறியீடு மூன்றைக் கேட்கிறது: ஆட்கள் எவ்வாறு வருகிறார்கள், ஒருவரைக் கவனிக்கும் நேரம் எவ்வாறு மாறுபடுகிறது, கருமபீடங்கள் எத்தனை. நம்மவர்கள் மூன்றாவதை மட்டும் எண்ணிவிட்டு, முதல் இரண்டுக்கும் சராசரியை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

வருகையும் சேவை நேரமும் எழுந்தமானமாக அமையும் ஒற்றைக் கருமபீடத்தை அந்தக் குறியீட்டில் எம்/எம்/1 என்கிறோம்: முதல் எம் வருகையும் அடுத்த எம் சேவை நேரமும் எழுந்தமானம் என்பதற்கு, 1 கருமபீடங்களின் எண்ணிக்கைக்கு. மேற்சொன்ன அதே 10, 12 என்ற எண்களுக்கு, அங்கே ஒருவர் தம் முறை வரும்வரை சராசரியாக 25 நிமிடம் நிற்பார். மணிக்கு இன்னும் ஒரேயொருவர் கூடினால் அது 55 நிமிடமாகும். எல்லோருக்கும் சரியாக 5 நிமிடமே எடுக்குமென்றால், அதாவது சேவை நேரம் மாறாதது என்பதைக் குறிக்கும் டி நடுவில் வரும் எம்/டி/1 என்றால், அந்த 25 நிமிடம் பாதியாகக் குறையும். 5 நிமிடம், 12 பேர், 10 பேர் என்ற சராசரிகளில் எதுவும் மாறவில்லை, ஏற்ற இறக்கம் மட்டுமே மாறியது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். யாரும் வராத பத்து நிமிடத்தைச் சேமித்து வைத்து, கூட்டம் வரும்போது செலவழிக்க எந்த எழுதுவினைஞராலும் முடியாது.

கிண்ணியா, மூதூர் பேருந்துகள் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கும் காலைப்பொழுதில் வருகை கூட்டமாக அமைவதால், நிலைமை இந்தச் சூத்திரங்கள் சொல்வதைவிட மோசமாகவே இருக்கும். 2022 இல் பெற்றோலுக்கு நின்ற வரிசை வேறு வகை. அங்கே பற்றாமற்போனது பம்பிகளல்ல, பெற்றோல்.

நான் போன அந்த மூன்றாவது அலுவலகத்தில் இரண்டு கருமபீடங்கள், இரண்டு வரிசைகள்; மேற்சொன்ன 10, 12 என்ற கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உரியது. இரண்டையும் ஒரே வரிசையாக்கி, எது ஒழிகிறதோ அதற்கு அடுத்தவரை அழைத்தால், அதே ஆட்களோடு 25 நிமிடம் ஏறத்தாழ 11 நிமிடமாகும். ஒரு கயிறு கட்டினால் போதும். புதிய ஆளணிக்கு விண்ணப்பம் எழுதுமுன் அதைச் செய்யுங்கள்.

பதிவேட்டைப் பார்த்து வருகையைக் கணக்கிடாதீர்கள். காத்திருந்து சலித்துத் திரும்பிப் போனவரின் பெயர் அதில் இராது. கருமபீடத்துக்கு வந்த நேரத்தை மட்டுமல்ல, வாசலுக்கு வந்த நேரத்தையும் இலக்கத் துண்டிலேயே குறித்துக் கொடுங்கள். இரண்டு வாரத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால், உங்கள் வரிசை எந்த வகை என்பதை நானே வந்து பார்த்துச் சொல்கிறேன்.