காந்தத்தின் கரையைக் காக்கும் டிஸ்ப்ரோசியம்

2025 ஏப்ரலில் சீனா, டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் (ரேர் எர்த்) ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. மோட்டார் காந்தம் கிடைக்காமல், சில வாரங்களிலேயே சில கார் ஆலைகளில் உற்பத்தி நின்றது. "நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற அருமண் தாது இருக்கிறதே, பிறகென்ன?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் நிறைய உண்டு. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள டிஸ்ப்ரோசியம் சொற்பமே. அது பெருமளவில் வருவது தென்சீனா, மியான்மரின் கச்சின் பகுதிக் களிமண்ணிலிருந்து.

1886இல் பாரிஸில் வேதியியலாளர் லெகாக் டி புவாபோத்ரான் டிஸ்ப்ரோசியத்தை ஆக்சைடாகப் பிரித்தார். முப்பது தடவைக்கு மேல் முயன்ற பிறகே கைகூடியதால், கிரேக்கத்தில் 'எட்டுவதற்கு அரியது' என்ற பொருளில் பெயரிட்டார்.

கார் மோட்டாரில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். 3 முதல் 5 மைக்ரான் அளவுக்குப் பொடித்து, காந்தப்புலத்தில் ஒரே திசைக்குத் திருப்பி, அழுத்தி, 1,050 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட்டெடுப்பார்கள். ஓடும் மோட்டாரில் வெப்பம் 150 டிகிரியை எட்டும். கம்பிச்சுருளின் எதிர்ப்புலமும் தாக்கும். அப்போது காந்தம் முதலில் தோற்பது ஒவ்வொரு மணியின் (பொடித் துகளிலிருந்து வந்த நுண்படிகத்தின்) விளிம்பில், படிக ஒழுங்கு குலைந்த இடத்தில். ஏரிக்கரைக்கு ஒரு நண்டுவளை போதும். அதுபோல விளிம்பில் ஒரு புள்ளி திரும்பினால் மணி முழுக்கத் திரும்பிவிடும். ஆறினாலும் பழைய பலம் வராது.

டிஸ்ப்ரோசிய அணுவின் காந்தத்தன்மை படிக அச்சை நியோடிமியத்தைவிட இறுக்கமாகப் பற்றும்; எளிதில் திரும்பாது. ஆனால் அது இரும்பின் காந்தத்துக்கு எதிர்த்திசையில் நிற்பதால், மணி முழுக்கக் கலந்தால் மொத்த பலம் குறையும். இதற்குக் கண்ட வழிதான் அழகு. முடிந்த காந்தத்தின் மேல் டிஸ்ப்ரோசியம் ஃபுளோரைடைப் பூசி, வெற்றிடத்தில் 900 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைக்கிறார்கள். மணிகளுக்கு நடுவே உள்ள நியோடிமியம் மிகுந்த படலம் மட்டும் உருகும். அந்த வாய்க்கால் வழியே டிஸ்ப்ரோசியம் உள்ளே போய், ஒவ்வொரு மணிக்கும் மெல்லிய தோலாகப் படியும். பிறகு 500 டிகிரியில் மறுபடி பதப்படுத்தல். தோலுக்குள் இருக்கும் நியோடிமியம் அப்படியே இருப்பதால் பலம் அதிகம் குறைவதில்லை. டிஸ்ப்ரோசியமும் பெருமளவு மிச்சம்.

சிக்கல் தடிமனில். டிஸ்ப்ரோசியம் சில மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. தடித்த காந்தத்தின் நடுப்பகுதி காப்பின்றியே நிற்கும்.

மணலில் சொற்பமாய் இருப்பதைத் தேடுவதைவிட, இந்த உலை நுட்பத்துக்கும் பழைய மோட்டார்களிலிருந்து டிஸ்ப்ரோசியத்தை மீட்கும் ஆய்வுக்கும் இந்தியா தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். காந்தம் வாங்குவோர் தர எண்ணின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்: வெறும் என்42 என்றால் 80 டிகிரி வரை, என்42எஸ்ஹெச் என்றால் 150 வரை.