மணலுக்கு அடியில் ஓடும் பாலாறு

குப்பம் பக்கத்திலிருந்து வாணியம்பாடிக்கு வருகிறவர்கள் எல்லையோரப் புல்லூரில் பாலாற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போன ஆறு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற இந்த ஆற்றில், மேலே வெள்ளம் தெரிவது சில நாட்கள்தான். மற்ற நாட்களில் ஓட்டமெல்லாம் படுகைக்குள்ளேதான்.

அந்த மணலில் ஒரு கை அள்ளிப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போல இருப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். மங்கலான வெள்ளையும் இளஞ்சிவப்பும் பெல்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம். மினுங்குவது காக்காப்பொன். ஒரு காந்தத்தைக் காட்டினால் கறுப்புத் துகள்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாமே மேட்டுநிலத்துப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்தவை. பெல்ஸ்பார் நாளாவட்டத்தில் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் அப்படி மாறாது. களியை வெள்ளம் கலங்கலாகவே தூரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. வேகம் தணியும் இடத்தில் மணல் தங்கிவிடுகிறது. அதனால்தான் படுகையில் இவ்வளவு சுத்தமான மணல்.

மணலுக்கு நடுவே உள்ள இடைவெளி மொத்தக் கன அளவில் 30 முதல் 40 சதவீதம். களிமண்ணில் இடைவெளி இதைவிட அதிகம், ஆனால் அது வாங்கிய தண்ணீரை விடாது. மணல் விட்டுவிடும். 200 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் கன மீட்டர் மணல். அதில் கால் பங்கு தண்ணீர் கிடைத்தாலே 25 கோடி லிட்டர்! ஏரித் தண்ணீரை வெயில் குடிப்பதைப் போல இதைக் குடிக்கவும் முடியாது. பருமணலில் தண்ணீர் மேலே ஏறிவராது. நீர்மட்டம் இரண்டு மூன்று அடி இறங்கிவிட்டால் ஆவியாவது ஏறக்குறைய நின்றே போகும்.

ஓட்டம் மட்டும் ரொம்ப மெதுவு. சாய்வு குறைந்த படுகையில் நாளுக்கு ஓரிரு முழம் நகர்ந்தாலே பெரிய விஷயம். பாலாற்றுக்காரர்கள் அந்த நிதானத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மணலைச் சாய்வாக வெட்டி ஊற்றுக்கால் எடுத்தார்கள். பக்கவாட்டில் கசிகிற தண்ணீர் அதில் சேர்ந்து, மோட்டார் எதுவும் இல்லாமல் ஏரிக்கும் வயலுக்கும் போனது. (தோல் பதனிடும் கழிவின் உப்பை மணல் வடிகட்டாது. ஆம்பூர், வாணியம்பாடிக் கிணற்றுக்காரர்களுக்கு இது தெரியும்.)

சரி, மணலை அள்ளினால் என்ன ஆகும்? குழி விழுந்த இடத்தோடு அது நிற்பதில்லை. வெள்ளம் வரும்போது குழியின் மேல்விளிம்பில் தண்ணீர் சரிந்து வேகம் பிடிக்கும், விளிம்பு இடியும். இடிவு மேலாற்றை நோக்கி நடந்துகொண்டே போகும். கொண்டுவந்த மணலைக் குழியில் போட்டுவிட்டு வெளியேறுகிற தண்ணீர் கீழாற்றைத் தோண்டும். பாலத்துத் தூண்களின் அடி வெளியே தெரிவது இப்படித்தான். கரைக் கிணறுகளின் நீரும் குழியை நோக்கி வடியும். அப்புறம் 2021 நவம்பரில் வந்தது போல வெள்ளம் வந்தாலும், பிடித்துவைக்க மணல் இல்லாத இடத்தில் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிவிடும்.

தடுப்பணையும் மணலை மறிக்கும். புல்லூர் தடுப்பணையை ஆந்திர அரசு 2016-ல் உயர்த்தியபோது தமிழ்நாட்டோடு எழுந்த சண்டை முழுக்கத் தண்ணீரைப் பற்றியது. மணலும் அணைக்குப் பின்னால் தங்கிவிடுமே என்ற கேள்விக்கும் அதே அளவு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆற்றுக்குள் தண்ணீர் தேட ஒரு குறிப்பும் உண்டு. இந்த வட்டாரப் பாறைகளுக்கு இடையே கருங்கல் சுவர் மாதிரி நீண்ட பாறைத் தொடர்கள் ஓடுகின்றன. அப்படி ஒன்று படுகையைக் குறுக்கே வெட்டினால், உள்ளே நகரும் நீர் அதில் மோதித் தேங்கும். கோடையிலும் அந்தச் சுவருக்கு மேலாற்றுப் பக்கத்து மணலில் கோரை பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள். ஊற்றுத் தோண்ட அதுதான் இடம்.