பத்திரத்தில் நிபந்தனை இருந்தும் பக்கத்து மனைக்காரரை ஏன் தடுக்க முடிவதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன் வயதான அம்மையார் ஒருவர் 1994-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்து என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். பூர்வீக மனையின் மேற்குப் பாதி அவருடைய கணவருக்கு ‘அ’ ஷெட்யூலாகவும் (சொத்து விவரப் பட்டியல்), கிழக்குப் பாதி கொழுந்தனாருக்கு ‘ஆ’ ஷெட்யூலாகவும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆறாவது பக்கத்தில், ‘அ’ ஷெட்யூல் வீட்டின் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வேண்டி ‘ஆ’ ஷெட்யூல் சொத்தின் மேற்கோரம் ஆறடி அகலத்துக்கு எக்காலத்திலும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பிற்காலத்தில் கொழுந்தனாரின் மகன் அந்தக் கிழக்குப் பாதியை வெளியாருக்கு விற்றபோது, புதிய கிரையப் பத்திரத்தில் நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லை விவரம், ஏறியதே தவிர இந்த வரி ஏறவில்லை. ‘யாதொரு வில்லங்கமும் இல்லை’ என்ற வழக்கமான உறுதிமொழி மட்டும் இருந்தது.

வாங்கியவர் அந்த ஆறடியிலும் கட்டத் தொடங்கியதால் நாங்கள் அனுப்பிய நோட்டீசுக்கு, தம் பத்திரத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை, வில்லங்கச் சான்றிலும் இல்லை, பேரூராட்சி கட்டட அனுமதியும் கொடுத்துவிட்டது என்று அவர் பதில் அனுப்பினார். பக்கத்து மனைத் தகராறுகளில் இந்தப் பதிலைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். இதில் எதுவும் சட்டத்தின் முன் நிற்காது. கட்டட அனுமதி என்பது விதிகளுக்கு உட்பட்டுக் கட்டலாம் என்பதற்கான இசைவு மட்டுமே. இரு மனைக்காரர்களுக்கு இடையிலுள்ள தனிப்பட்ட உரிமையை அது தீர்மானிப்பதில்லை. வில்லங்கச் சான்றோ, எந்தத் தேதியில் யார் யாருக்கு என்ன வகைப் பத்திரம் எழுதினார் என்பதைக் காட்டுமே அல்லாமல், பத்திரத்துக்குள் இருக்கும் ஷரத்துகளைக் காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள, விற்பவருக்குச் சொத்து வந்த வழியைக் காட்டும் முந்தைய பத்திரமான தாய்ப்பத்திரத்தின் நகலை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாக வேண்டும்.

‘என் பத்திரத்தில் இல்லை’ என்ற வாதத்துக்கு 1848-இலேயே இங்கிலாந்தில் பதில் கிடைத்துவிட்டது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை 1808-இல் விற்ற டல்க் என்பவர், அதைக் கட்டடமில்லாத திறந்த தோட்டமாகவே பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். கைமாறிக் கைமாறி அது மாக்ஸ்ஹே என்பவரிடம் வந்தபோது அவருடைய பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் நிபந்தனை உண்டென்று அறிந்தே வாங்கியிருந்தார். அறிந்து வாங்கியவர் அதை மீற முடியாது என்று நீதிபதி காட்டன்ஹாம் பிரபு தீர்ப்பளித்தார். நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவும் இந்த வழியில்தான் செல்கிறது: தன் சொத்தை நன்கு அனுபவிக்கும் பொருட்டு மற்றவர் சொத்தின் அனுபோகத்தைத் தடுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தால், அதை அறிந்து வாங்கியவர் மீதும் இனாமாகப் பெற்றவர் மீதும் அதைச் செலுத்தலாம், விலை கொடுத்து, அறியாமல் வாங்கியவர் மீது செலுத்த முடியாது. ‘அறிதல்’ என்பதை இங்கே குறுகலாகப் பொருள்கொள்ளக் கூடாது. கட்டாயமாகப் பதிய வேண்டிய பத்திரம் முறைப்படி பதிவாகியிருந்தால், பின்னால் வாங்குபவர் அதை அறிந்தவராகவே 3-ஆவது பிரிவு கருதுகிறது.

‘கட்டக் கூடாது’ என்று தடுக்கும் நிபந்தனைக்கு உள்ள வலு, ‘சுவரை அவர் செலவில் பராமரிக்க வேண்டும்’ போன்ற நிபந்தனைக்கு இல்லை. குறிப்பிட்ட விதமாகவே அனுபவிக்குமாறு கட்டாயப்படுத்தும் உரிமையைக் குறித்த சொற்கள் 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 40-ஆவது பிரிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அதேபோல, முழு உரிமையுடன் விற்றுவிட்டு அனுபோகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தால், பொதுவாக 11-ஆவது பிரிவின்படி அது செல்லாது. விற்றவர் தம் வசம் வைத்துக்கொண்ட பக்கத்து மனையின் நன்மைக்காக விதித்தது மட்டுமே விலக்கு. எனவே எந்த மனையின் நன்மைக்காக என்பதைச் சொல்லாமல் ‘கட்டடம் கட்டக் கூடாது’ என்று மொட்டையாக எழுதும் பத்திரங்களைக் கண்டால் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்க்கப் பத்திர எழுத்தருக்கு இரண்டு நிமிடம் ஆகாது.

அம்மையாரின் பத்திரத்தில் அந்தக் குறை இல்லை. அவருடைய குறை வேறு. சித்திரையில் வாங்கியவர் கட்டடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டபோதே அம்மையார் பார்த்திருக்கிறார்; ‘பக்கத்தில் இருக்கப்போகிற மனுஷன், சொன்னால் கேட்பார்’ என்று ஊர்ப் பெரியவர்கள் மூலம் பேசிக்கொண்டே இருந்துவிட்டார். எங்களிடம் வந்தது தைப்பொங்கல் கழித்து. அதற்குள் கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு, மாடிக்குத் தூண் கம்பிகளும் நின்றுவிட்டன. வாதி இணங்கிப் போன மீறலுக்கு உறுத்துக்கட்டளை (ஒரு செயலைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு) வழங்கக் கூடாது என்கிறது, நீதிமன்றங்களில் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என்று வழங்கும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. வாய்ப்பேச்சில் தெரிவித்த எதிர்ப்புக்குச் சாட்சி தேடுவது எளிதல்ல. கோடு போட்ட வாரத்திலேயே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, தேதியுடன் புகைப்படம் எடுத்து, தற்காலிக உறுத்துக்கட்டளைக்கும் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரின் பார்வையிடலுக்கும் மனு போட்டிருந்தால், அடித்தளத்தோடு வேலை நின்றிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

வழக்கு சமரச மையத்துக்குப் போனது. மாடியை மட்டும் ஆறடி உள்ளே தள்ளிக் கட்ட வாங்கியவர் ஒப்புக்கொண்டார். கீழே எழும்பிய சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்திருந்த இரண்டு ஜன்னல்களையும் அம்மையார் பிறகு செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.