ஃபைபர் படகுத் தளத்தில் கறையா? போத்தலைத் திறக்கும் முன் பாருங்கள்

கறையால் கெட்ட ஃபைபர் படகுகளைவிட, கறையைப் போக்கப் போய்க் கெட்ட படகுகளே என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. நுவரெலியா கிரகரி வாவியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகானாலும் சரி, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் வலை போடும் படகானாலும் சரி, நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். தளத்தில் ஒரு பழுப்புத் திட்டு தெரிகிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறார்கள், போகவில்லை. அடுத்து பிளீச். அதற்கும் அசையவில்லை என்றால் கழிவறை கழுவும் அசிட். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருள். அன்று மாலை தளம் வெள்ளையாகத்தான் தெரியும். சில மாதங்களில் தளம் முழுவதும் மங்கி, கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். அதன் பிறகு எந்த அழுக்குப் பட்டாலும் அது தளத்துக்குள் இறங்கிவிடும்.

இதற்குக் காரணம் தளத்தின் அமைப்பில் இருக்கிறது. நாம் காலால் மிதிப்பது கண்ணாடி இழையை அல்ல. அதன் மேல் ஜெல்கோட் என்னும் நிறமூட்டிய பிசின் பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். பளபளப்பு, வழுவழுப்பு, தண்ணீரை உள்ளே விடாத தன்மை எல்லாம் அந்த அரை மில்லிமீற்றரில் இருக்கின்றன. அதைச் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. பிறகு கறைக்கு ஒதுங்க இடம் கிடைத்துவிடுகிறது. தேய்ந்துபோன ஜெல்கோட் தானாக வளராது. ஆகவே மென்மையான வழியில் தொடங்கி, வேறு வழி இல்லாதபோது மட்டும் ஒவ்வொரு படியாகக் கடுமையைக் கூட்டுங்கள். எதையும் முதலில் இருக்கைக்கு அடியில் மறைவான ஓரிடத்தில் பூசிப் பாருங்கள்.

முதல் வேலை, நல்ல தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான பிரஷும் கொண்டு தளத்தைக் கழுவுவது. வெயில் சுடும் நேரத்தில் வேண்டாம். திரவம் தளத்திலேயே காய்ந்து புதிய தடம் விழும். வழுக்காமலிருக்கச் சொரசொரப்பாகச் செய்த பகுதியில் மட்டும் சற்றுக் கடினமான நைலான் பிரஷைப் பயன்படுத்தலாம். அங்கே ஒரே திசையில் இழுக்காமல் நாலாபுறமும் வட்டமாகத் தேய்த்தால்தான் குழிகளுக்குள் இருக்கும் மண் வெளியே வரும். கறை என்று நினைத்ததில் பாதி இந்தக் கழுவலிலேயே போய்விடும். மிச்சம் இருப்பது எது என்று அதற்குப் பிறகுதான் சரியாகத் தெரியும்.

மலையகப் படகுகளில் மிகவும் பிடிவாதமானவை இரண்டு பழுப்புக் கறைகள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பிறப்பு வேறு. ஒன்று இலைச் சாயம். கரையோர யூக்கலிப்டஸ் இலைகளும் சருகுகளும் தளத்தில் விழுந்து, மழைத்தண்ணீரில் ஊறி, டெனின் என்னும் பொருளை விடுகின்றன. தேநீர்க் கோப்பையின் உட்புறத்தில் படியும் பழுப்புக்கும் அதுவே காரணம். இந்தக் கறை இலையின் வடிவத்திலேயே அச்சுப் பதித்ததுபோல் இருக்கும், அல்லது தண்ணீர் தேங்கும் மூலையில் வளையமாக இருக்கும். மற்றது இரும்புக் கறை. ஆணி, திருகாணி, நங்கூரச் சங்கிலி வைத்த இடத்திலிருந்து கோடாக வழிந்திருந்தால் அது துரு. நம் மலைகளின் செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதும் இரும்பு ஒட்சைட்டுதான். நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் சேற்றுக் கரையில் நடந்து அப்படியே படகில் ஏறும் கால்கள், தளத்தின் சொரசொரப்பில் அந்தச் செம்மண்ணைப் பூசிவிட்டுப் போகின்றன.

இந்த இரண்டுக்கும் நல்ல மருந்து ஒட்சாலிக் அமிலம். மரத்தளபாடம் வெளுக்கும் தூள் என்று கேட்டால் பெரிய ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். போத்தலிலோ பையிலோ ஒட்சாலிக் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இது துருவிலுள்ள இரும்புடன் சேர்ந்து தண்ணீரில் கரையும் பொருளாக மாறுவதால், தேய்க்காமலே கறை விடுபடுகிறது. ஒரு லீட்டர் வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ 30 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும், அலுமினியப் பாத்திரம் ஆகாது. தளத்தை முதலில் நனைத்துவிட்டு, கரைசலைப் பூசி, ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். காய விடாதீர்கள். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒரு முறையில் முழுவதும் போகாவிட்டால், கரைசலைக் கடுமையாக்காமல் அதே அளவில் இன்னொரு முறை செய்யுங்கள். நேற்று விழுந்த மெல்லிய துருவுக்கு இதுகூட வேண்டாம், தேசிக்காய்ச் சாறே போதும்.

ஒட்சாலிக் அமிலம் நஞ்சு என்பதை மறந்துவிடாதீர்கள். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைத் தாக்கும். தூள் மூக்கில் ஏறக்கூடாது, கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். எனக்கு மிகவும் பயம் தருவது வேறொன்று. மிச்சக் கரைசலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டு மூலையில் வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தோட்டத்து லயத்து அறைகளில் இடம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். குழந்தையின் கைக்கு எட்டாத மூலை அங்கே இல்லை. தேவையான அளவை மட்டும் கலக்குங்கள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சுத்தம் செய்த பிறகும் அதே இடத்தில் பழுப்பு திரும்பத் திரும்ப வந்தால், அது மேலே விழுந்த கறை இல்லை, உள்ளேயிருந்து கசிவது. மவுசாகலைப் பக்கம் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் படகு ஒன்றில், இருக்கையைப் பிடித்திருந்த திருகாணியைச் சுற்றி இப்படித்தான் இருந்தது. உரிமையாளர் ஒவ்வொரு மாதமும் தேய்த்துக்கொண்டே இருந்தார். “அண்ணன், இதைத் தேய்த்துப் பயனில்லை, திருகாணியைக் கழற்றிப் பார்ப்போம்” என்றேன். கழற்றியதும் துளையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்திருந்த பலகை உளுத்துப் போயிருந்தது. இப்படிச் சந்தேகம் வந்தால் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால் தளத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும், உளுத்த இடத்தில் மந்தமாகிவிடும். ஆட்களை ஏற்றும் படகில் இது அழகு சம்பந்தப்பட்ட விடயம் இல்லை. கால் அழுந்தும் தளத்தோடு படகை நீரில் இறக்கவே கூடாது.

பலகை நன்றாக இருந்து திருகாணி மட்டும் துருப்பிடித்திருந்தால், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாக மாற்றி, துளைக்குள் சீலன்ட் என்னும் நீர் புகாத பசையை அடைத்துப் பூட்டுங்கள். சில ரூபாய் மிச்சம் பிடிக்கச் சாதாரணத் திருகாணி போட்டவர்கள் பிறகு தளத்துக்கே செலவழிக்கிறார்கள்.

இனி பூஞ்சணம். மூடுபனியும் தூறலும் நாள் கணக்கில் விடாத ஊரில் கறுப்புப் புள்ளிகளும் பச்சைப் பாசியும் வராமல் இருக்காது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தளம் காயவே காயாது. வெள்ளை வினாகிரியைச் சம அளவு தண்ணீரில் கலந்து பூசிப் பத்து நிமிடம் விட்டுத் தேயுங்கள். ஆழமான புள்ளிகளுக்கு மருந்தகத்தில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் நன்றாக வேலை செய்யும். அது பழைய வெற்றிலைக் கறையையும் வெளுக்கும். வினாகிரியையும் பெரொக்சைட்டையும் கலக்காமல் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். எண்ணெய், டீசல் சிந்தினால் ஊற விடாமல் உடனே துணியால் ஒற்றி எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவினால் போதும்.

பிளீச்சைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பூஞ்சணத்தை அது வெளுக்கும், உண்மைதான். ஆனால் துருவின் மேல் ஊற்றினால் இரும்பை மேலும் ஒட்சியேற்றிக் கறையை இறுக்கிவிடும். இருக்கை உறையின் தையல் நூலை நலிவடையச் செய்யும். பிளீச்சும் கழிவறை அசிட்டும் துருப்பிடிக்காத எஃகைக்கூடப் புள்ளி புள்ளியாக அரித்துவிடுவதால், அடுத்த மழையில் அங்கிருந்தே புதுத் துரு வழியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஒன்று பலிக்கவில்லை என்று அதன் மேலேயே மற்றதை ஊற்றுவது. பிளீச்சும் எந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். கழிவறை அசிட் மட்டும் இல்லை, ஒட்சாலிக், வினாகிரி, தேசிக்காய் எல்லாம் அமிலம்தான். அமோனியா கலந்த திரவத்தோடு சேர்ந்தாலும் பிளீச் நச்சு வாயுவையே தரும். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குள் வேலை செய்கிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். கண் எரிந்து, தொண்டை கரகரத்து, இருமல் வந்தால் அந்த நொடியே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். வாளியை எடுக்கத் திரும்பப் போகாதீர்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் கூடலாம், ஆகவே சமாளித்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குளிர் ஊரில் வெயில் படகை என்ன செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. உயரம் 1000 மீற்றர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். மூடுபனி விலகிய நாளில், அதே அளவு தெளிந்த வானத்தின் கீழ் கொழும்பில் நிற்கும் படகைவிட இங்குள்ள படகின் ஜெல்கோட் அதிக அடி வாங்குகிறது. மங்கிப் பொடி உதிரும் தளத்தை ரப்பிங் கொம்பவுண்ட் என்னும் மெருகூட்டும் பசையால் லேசாகத் தேய்த்து, மெழுகுப் பொலிஷ் பூசினால் துளைகள் அடைபடும். பருவமழைக்கு முன்பு ஒரு முறையும் அதற்குப் பின்பு ஒரு முறையும் பூசுவது நல்லது. ஆனால் கால் வைக்கும் சொரசொரப்பான பகுதியில் மெழுகு பூசவே வேண்டாம். நனைந்த மெழுகில் வழுக்கி விழும் முதல் ஆள் உங்கள் படகில் ஏறும் குழந்தையாகவோ வயதானவராகவோதான் இருப்பார்.

கறை வராமல் இருக்க, படகைக் கட்டும்போதும் கரையேற்றும்போதும் முன்பகுதியைச் சற்று உயர்த்தி வையுங்கள், தண்ணீர் தேங்காது. வடிகால் துளைகளில் சருகு அடைத்திருக்கிறதா என்று தினமும் விரல் விட்டுப் பாருங்கள். தறப்பாள் போடுவதாக இருந்தால் நடுவில் கம்பு கொடுத்துக் காற்றுப் போக வழி விடுங்கள். தளத்தோடு ஒட்டிப் போட்டால் அதற்குள் பூஞ்சணம் செழித்து வளரும். அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்புகளைத் தளத்தில் நிரந்தரமாகப் போடாதீர்கள், அவை விடும் பழுப்பு நிறம் எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. துளையுள்ள பிளாஸ்டிக் விரிப்பு பரவாயில்லை. படகுக்குப் பக்கத்தில் கிரைண்டர் போட்டு இரும்பு வெட்ட விடாதீர்கள். தெறிக்கும் பொடி ஒவ்வொன்றும் மறுநாள் ஒரு துருப்புள்ளி. ஏறும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குவளையும் வைத்துக் காலைக் கழுவிவிட்டு ஏறச் சொல்லுங்கள். செம்மண் பிரச்சினைக்கு இதைவிட மலிவான தீர்வு கிடையாது.

கழுவும் வேலையை நீரில் மிதக்கும் படகில் செய்யாதீர்கள். காசல்ரீக்கு நீர் கொடுப்பது கெசல்கமு ஓயா, மவுசாகலைக்குக் கொடுப்பது மஸ்கெலியா ஓயா. இரண்டும் கீழே போய்ச் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. படகைக் கரையேற்றி, நீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, வாய்க்கால் இல்லாத இடமாகப் பார்த்து வேலை செய்யுங்கள். வாளியில் மிஞ்சிய அமிலக் கரைசலில் அப்பச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரை பொங்குவது நின்ற பிறகு நிறையத் தண்ணீர் கலந்து, குழந்தைகளும் மாடுகளும் வராத இடத்தில் ஒரு குழி வெட்டி, அதில் ஊற்றி மண் மூடிவிடுங்கள்.